பெண் கொடுத்த வீட்டுச் சோறு

‘வடஆற்காடு மாவட்டம், திருவண்ணாமலை வட்டம், கீழ்பென்னாத்தூரை அடுத்த கிராமத்தில் வசிக்கும் ஆதிமூலம் என்பவருக்கு வயது சுமார் எழுபது. அன்னாருக்கு ஆண் வாரிசு கிடையாது. ஒரே மகள் மணமாகி வேறு குடும்பத்தைச் சேர்ந்துவிட்டபடியால், அன்னாரையும் அன்னாரது மனைவியையும் ஆதரிப்பார் எவருமில்லை என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.’

1977இல் முதியோர் பென்ஷன் மனுவுக்காகக் கிராமக் கணக்கரான கர்ணம் எழுதிக் கொடுத்த சான்று இது. கர்ணத்தின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நடையிலும் குறை சொல்ல முடியாது. குறை ஒன்றே ஒன்றுதான். வேறு குடும்பத்தைச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லப்படும் அந்த மகள் எதிலும் அவ்வளவு அடக்கமாகச் சேர்ந்துவிடக்கூடியவள் அல்ல. எதையும் அவ்வளவு சுலபமாக விட்டுவிடக்கூடியவளும் அல்ல.

அவள் பெயர் பாஞ்சாலை. திரௌபதியம்மன் கோயிலில் வருஷா வருஷம் பாரதம் நடக்கிற ஊர்களில் தருமனும் அர்ஜுனனும் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆகவே பாஞ்சாலைக்குச் சகாதேவன் என்று ஒருவர் புருஷனாக வாய்த்ததில் ஆச்சரியம் இல்லை. மற்ற நால்வர் இல்லாத குறையை அவள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஐந்து பேர் போட வேண்டிய சண்டையை அவளே போட்டுக்கொண்டாள்.

சகாதேவன் பஸ் கண்டக்டர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற வண்டி. வண்டியில் ஏறுகிறவர்களிடம் “உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்குது” என்று இருபது வருஷம் சொல்லிச் சொல்லி, அதுவே அவருடைய கொள்கையாகவும் ஆகிவிட்டது. திருவண்ணாமலைத் தேரடிக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் அவரும் பாஞ்சாலையும் இரண்டு பிள்ளைகளும் அவருடைய அம்மா ஆராயியும் இருந்தார்கள். பின்கட்டில் பாஞ்சாலையின் இரண்டு எருமைகள் இருந்தன. லாட்ஜுகளுக்கும் காபிக்கடைகளுக்கும் அவள் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கலப்பதில்லை என்று அவள் சத்தியம் செய்ததில்லை. கேட்கிற துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை.

பாஞ்சாலையும் ஒரே பிள்ளை, சகாதேவனும் ஒரே பிள்ளை. கல்யாணப் பேச்சில் இரண்டு தரப்பும் இதைப் பெரிய சிறப்பாகச் சொல்லிக்கொண்டன. நாத்தனார் பிடுங்கல் கிடையாது, மச்சான் தகராறு கிடையாது. ஒரே பிள்ளைகள் இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால், வயதான அத்தனை பேருக்கும் கடைசியில் ஓர் அடுப்புதான் மிஞ்சும் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் அந்த அடுப்புப் பக்கம் வரவே மாட்டார்கள் என்பது ஏற்பாடு. பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பது கேவலம்.

கேவலம் வராமல் இருக்க ஆதிமூலம் முன்கூட்டியே வழி செய்திருந்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைகிற தன் நிலத்தைத் தம்பி மகன் பரசுராமன் பேருக்கு எழுதிவைத்தார். கடைசிவரை சோறு போட வேண்டியது, செத்தால் கொள்ளி போட வேண்டியது என்று பேச்சு. மகனில்லாதவர்கள் எல்லோரும் செய்வதுதான். பரசுராமனும் கெட்டவன் இல்லை. கொள்ளி போடுவதில் அவனுக்கு ஆட்சேபணையே இல்லை. நடுவில் இருந்த சோறுதான் கொஞ்சம் இழுபறியாக இருந்தது. கிழவனுக்கு அரசாங்கம் பென்ஷன் கொடுத்தால் நல்லதுதானே என்று நினைத்து, கர்ணத்திடம் போய் அந்தச் சான்றையும் வாங்கினான். நிலத்தை வாங்கிக்கொண்டவனே ஆதரிக்க ஆளில்லை என்று மனுக் கொடுத்ததில் உள்ள வேடிக்கை கர்ணத்துக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கர்ணங்கள் வேடிக்கைகளைப் பதிவு செய்வதில்லை.

விசாரணைக்குப் போன ரெவின்யூ இன்ஸ்பெக்டர் திரும்பும்போது சகாதேவனின் பஸ்ஸில் ஏறினார்.

“இன்னா கண்டக்டரே, உங்க மாமனாரு ஆதரவு இல்லாதவராமே?”

சகாதேவன் அவருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு, வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. வீட்டில் திறந்தார். மறுநாள் காலை பால் ஊற்றிய கையோடு பாஞ்சாலை தாலுகா ஆபீசில் நின்றாள்.

“நாந்தான் அந்தப் பொண்ணு.”

“எந்தப் பொண்ணும்மா?” என்றார் கிளார்க்.

“வேற குடும்பத்துக்குப் பூட்டவ.”

கிளார்க் காகிதத்தைத் தேடி எடுத்துப் படித்தார். நல்ல மனிதர். பொறுமையாக விளக்கினார். “உங்கப்பாவுக்கு நல்லதுதாம்மா நடக்குது. ஆம்பளப் புள்ள இருந்தாதான் தகராறு. பொண்ணு கணக்குல வராது.”

“கணக்குல வராதவ இன்னாத்துக்கு உங்க மேஜக்கி முன்னால நிக்கறேன்? நான் இருக்கறேன்னு எழுதுங்க.”

“எழுதினா பென்ஷன் போயிடும்.”

“போவட்டும். நெஜமாவே யாரும் இல்லாதவங்க எத்தினியோ பேரு கீறாங்க. அவங்களுக்குக் குடுங்க.”

பென்ஷன் வரவில்லை என்று சண்டை போட வருகிறவர்களைத்தான் கிளார்க் பார்த்திருந்தார். வரக்கூடாது என்று சண்டை போட்டவளுக்கு எந்தப் பதிவேடும் இல்லாததால், மனுவின் ஓரத்தில் ‘மகள் ஆட்சேபணை’ என்று எழுதி வைத்துக்கொண்டார்.

அங்கிருந்தே அவள் கிராமத்துக்குப் போனாள். அப்பாவும் அம்மாவும் கிணற்று மோட்டார் கொட்டகையில் இருந்தார்கள். பரசுராமனின் வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்ததால், அறுவடை முடியும்வரை என்று அங்கே வைத்திருந்தான். அறுவடை முடிந்து வெகு நாளாகியிருந்தது. அம்மா மணியம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது; வந்தது யாரென்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். பாஞ்சாலை விஷயத்தில் அது சிரமமில்லை. குரல் வரப்பிலேயே கேட்டிருந்தது.

“அக்கா, ஊருல நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? பெரிப்பாவ நான் தொரத்திட்டேன்னு சொல்லமாட்டாங்க?” என்றான் பரசுராமன்.

“சொல்லுவாங்க. நெலத்த நீயே வெச்சிக்க, பரசு. மனுசங்கள நான் எடுத்துக்கறேன்.”

ஆதிமூலம் அசையவில்லை. “பொண்ணு வூட்டுல போயி ஒக்கார்றதுக்கா நான் மானத்தோட வாழ்ந்தேன்?”

“மானத்த மோட்டார் கொட்டாயிலதான் வெச்சிருக்கறியா, நைனா?”

கடைசியில் மணியம்மாளின் கண் ஆபரேஷனைச் சாக்காக வைத்து, ஒரு வாரம் என்று ஒப்புக்கொண்டார். சகாதேவனின் பஸ்ஸிலேயே வந்தார்கள். சகாதேவன் மாமனார், மாமியார் இருவருக்கும் முறையாக டிக்கெட் கிழித்தார்.

ஆராயி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் உலக்கை வைத்திருக்கிறவள் போல நிற்பது அவள் வழக்கம்.

“சம்மந்தி வூட்டுக்கு வந்தா ஒரு வேள இருந்துட்டுப் போறதுதான் மரியாத. மூட்ட முடிச்சோட வந்தா அதுக்கு இன்னா பேரு?”

“குடி வர்றதுன்னு பேரு, அத்த.”

“ஊரு சிரிக்கும் மே.”

“சிரிக்கட்டும். உனக்கும் ஒத்தப் புள்ள, எங்க நைனாவுக்கும் ஒத்தப் புள்ள. உன் புள்ள உன்னத் தாங்கறான்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வர்ற. உனக்குச் சுடுதண்ணி வெக்கறது யாரு? கால் புடிச்சி உடறது யாரு? உன் புள்ளயா? நீ கட்டிக்கினு இருக்கற பொடவ இன்னா கலருனு பாக்காம சொல்லச் சொல்லு.”

சகாதேவன் மேலே ஓட்டைப் பார்த்தார். பிறகு, பழக்க தோஷம், “உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்குது” என்றார்.

இடம் கிடைத்தது. சாப்பாட்டில்தான் சிக்கல் வந்தது. ஆதிமூலம் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வருவார். மணியம்மாளும் முதல் நாள் புருஷனுக்காகப் பட்டினி கிடந்தாள். இரண்டாம் நாள் காலையில் இட்லித் தட்டைத் தடவி எடுத்துக்கொண்டாள்.

“பொண்ணு வூட்டுல சாப்புடறியே, வெக்கமா இல்ல?” என்றார் ஆதிமூலம்.

“எனக்குத்தான் கண்ணு தெரியலையே. யாரு வூடுன்னு நான் இன்னாத்தக் கண்டேன்?”

ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் பார்வை வந்தபிறகும் அவள் சாப்பிட்டாள். இப்போதுதான் தெரிகிறதே என்று கேட்டதற்கு, பாதிதான் தெரிகிறது என்றாள்.

ஆதிமூலத்துக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது. அதுதான் தொந்தரவு. பன் வயிற்றைக் கெடுத்தது. கிராமத்துக்குத் திரும்பிவிடுவேன் என்று தினமும் சொன்னார். அவர் போனால் மணியம்மாளும் போக வேண்டியிருக்கும், மறுபடியும் அந்தக் கொட்டகைதான் என்பது பாஞ்சாலைக்குத் தெரியும். ஒரு கவளம் சோறு அவர் வாய்க்குள் போகிறதா என்பதில் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று ஆதிமூலம் தெளிவானார். முகத்தில் களை வந்தது. பன்னை விட்டுவிட்டார். மதியம் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு மலை சுற்றுகிற பாதைப் பக்கம் நடப்பார். வயிறாரச் சாப்பிட்டவர் போல வந்து படுப்பார். நாலாவது வீட்டுத் தனம் வந்து சொல்லும்வரை விஷயம் யாருக்கும் தெரியாது.

“இன்னா பாஞ்சால, உங்கப்பாவ மடத்து வாசல்ல பாத்தேன். சாமியாருங்க வரிசயில அலுமினியத் தட்டோட ஒக்காந்துக்கினு இருக்காரு. சாம்பாரு ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கறாரு.”

திருவண்ணாமலையில் இது பெரிய விஷயமே இல்லை. காவி கட்டியவன், கட்டாதவன், வடக்கத்தியான், வெள்ளைக்காரன் யாராயிருந்தாலும் மலையைச் சுற்றி எங்கே கை நீட்டினாலும் சோறு விழும். யாருடைய மானமும் போனதில்லை. இந்த ஊரில் எவன் வீட்டுச் சோற்றையும் எவனும் சாப்பிடலாம். பெண்ணைப் பெற்றவன் பெண் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுவது மட்டும்தான் கூடாது. ஆதிமூலம் இந்த இரண்டு விதிகளையும் ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்து, பிச்சை வாங்குவதே கௌரவம் என்று முடிவுக்கு வந்திருந்தார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

மறுநாள் பாஞ்சாலை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினாள். தலை நிறையப் பூ வைத்தாள். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் தேரடி வழியாக நடந்து போய், மடத்து வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எழுந்து போ மே. கல்யாணமான பொம்பள இங்கல்லாம் ஒக்காரக் கூடாது” என்றார் ஆதிமூலம்.

“ஏன், எங்க நைனா ஒக்காந்துக்கினு இருக்கற எடம்தானே?”

“உனக்கு வூடு இருக்குது.”

“உனக்கும்தான் இருக்குது.”

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சாமியார் ஒருவர், உலகத்தையே துறந்தவர், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். பரிமாறுகிறவர் பட்டுப்புடவையைப் பார்த்துத் தயங்கினார்.

“அம்மா, நீங்க அன்னதானத்துக்குப் பணம் கட்ட வந்தவங்களா?”

“இல்ல. ஆதரவு இல்லாதவரோட பொண்ணு. சோத்தப் போடுங்க.”

இப்படியே நாலைந்து நாள் நடந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்து மதிய உணவைச் சாப்பிட்டன. சகாதேவன் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டார். மணியம்மாள் காலையில் கடையிலிருந்து வாங்கிய இட்லியில் இரண்டை எடுத்து மதியத்துக்கு ஒளித்துவைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். மாட்டிக்கொண்டவள் ஆராயிதான்.

“எனக்குச் சோறு?”

“நீயும் வாயேன், அத்த. சாமி பேரால போடறாங்க. ரசம் நல்லா இருக்குது.”

“அடுப்பு மூட்டாம குடும்பம் நடத்தறியா நீ?”

“எங்க நைனாவுக்கு இந்த அடுப்புச் சோறு ஆவாது. அவருக்கு ஆவாத அடுப்பு எனக்கும் ஆவாது.”

பசியை ஆராயி பொறுத்துக்கொண்டிருப்பாள். தெருவைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆராயியின் மருமகள் மடத்தில் பிச்சைச் சோறு சாப்பிடுகிறாள் என்று குழாயடியில் பேசினார்கள். சம்மந்தி வந்து தங்கினால் ஊர் சிரிக்கும் என்று பயந்தவளுக்கு, தங்கியும் சாப்பிடாமல் போனால் ஊர் இன்னும் சத்தமாகச் சிரிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு மத்தியானம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். தனமும் இன்னும் சில பெண்களும், வேலை இருக்கிற பாவனையில், பின்னாலேயே போனார்கள்.

வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். பரிமாறுகிறவர் வாளியோடு வந்து, “தட்டு எங்க பாட்டி?” என்றார்.

“தட்டால உன் மண்டயில போடுவேன், தள்ளு” என்றாள் ஆராயி. பிறகு ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினாள். “யோவ் சம்மந்தி, எழுந்திரு.”

“நான் பொண்ணு வூட்டுல கை நனைக்கமாட்டேன்.”

“யாரு வூடு? இன்னா சொன்ன? பொண்ணு வூடா?” ஆராயிக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் பழக்கத்தினால் வந்தது. “அந்த வூடு எம் புருஷன் எம் பேருல எழுதி வெச்ச வூடு. உம் பொண்ணுக்கு அதுல ஒரு செங்கல்லு கெடையாது. எம் புள்ளைக்கே நான் கண்ண மூடினாதான். பொண்ணு வூடாம், பொண்ணு வூடு! என் வூட்டுக்குக் கூப்புடறேன், வர்றியா இல்லியா?”

ஆதிமூலம் தட்டைப் பார்த்தார். சம்மந்தி கூப்பிட்டுப் போகாமல் இருப்பது அவமரியாதை. பெண் வீட்டில் சாப்பிடுவதும் அவமரியாதைதான். ஆனால் அது பெண் வீடே இல்லை என்று வீட்டுக்காரியே பத்துப் பேர் முன்னால் அடித்துச் சொல்கிறாள். பாஞ்சாலை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் தனக்கு ஒரு செங்கல்கூட இல்லை என்பதை அவள் வாழ்நாளில் எதிர்த்து வாதாடாத ஒரே சந்தர்ப்பம் அது.

அன்று மாலை ஆதிமூலம் ஆராயி வீட்டில் கை நனைத்தார். சமைத்தது பாஞ்சாலை. அதை ஒருவரும் குறிப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அமைதி நிலவியது என்று சொன்னால் பொய். ஆராயியும் மணியம்மாளும் ஒரு வெற்றிலைப் பெட்டிக்காக ஏழெட்டு வருஷம் சண்டை போட்டார்கள். ஆதிமூலம் சாப்பிட உட்காரும்போதெல்லாம், “உங்க வூட்டுச் சோறு” என்று ஆராயியைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். ஆராயியும் ஏதோ தானே உலை வைத்தவள் போல ஏற்றுக்கொள்வாள். பாஞ்சாலை இருவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே குழம்பு ஊற்றுவாள். எருமைகள் மூன்றாயின.

பரசுராமன் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கியபோது, எண்பத்திரண்டு வாக்கில், நிலத்தை வாங்கிக்கொண்டு கிழவனைத் துரத்தியவன் என்ற பேச்சு அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வந்த இடமெல்லாம் நழுவியது. ஆகவே ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, பழக்கூடையோடு வந்தான். பெரிப்பாவையும் பெரிம்மாவையும் அழைத்துப் போக வந்திருப்பதாகச் சொன்னான்.

“வூட்டுலயே ஒரு ரூம்பு ஒழிச்சி வெச்சிருக்கேன்.”

“நெல்லு மூட்ட எங்க போச்சி?” என்றாள் பாஞ்சாலை.

பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். “பாரும்மா. நீ நல்லாத்தான் பாத்துக்கற, இல்லங்கல. ஆனா நாளைக்கே ஒண்ணுனா? பொண்ணு வூட்டுல கெடந்து செத்தா பங்காளிங்க யாரும் வரமாட்டாங்க. கொள்ளி போட ஒரு ஆளு வேணுமில்ல?”

ஆதிமூலத்துக்கு வேறு எதைப் பற்றியும் பயமில்லை. இதைப் பற்றி இருந்தது. அதைத் தெரிந்துதான் கேட்டார்கள். மகளைப் பார்த்தார். பாஞ்சாலை பால் செம்பைக் கீழே வைத்தாள்.

“உசுரோட இருக்கறவங்களுக்குச் சோறு போட நான் இருக்கறேன். செத்தப்புறம் நெருப்பு வெக்க இவன் வந்தா வரட்டும், வரலன்னா போவட்டும். இந்த ஊருல மலைக்கே நெருப்பு வெக்கறாங்க. எங்க நைனாவுக்கு வெக்க ஒரு ஆளு கெடைக்கமாட்டானா? நைனா, நீ போறதுன்னா போ. கையக் கட்டி வெக்கல. அம்மாவக் கேளு.”

“நான் எங்கயும் வரல” என்றாள் மணியம்மாள். “அங்க கண்ணும் தெரியல, சோறும் தெரியல.”

ஆராயி பழக்கூடையை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, “சம்மந்தி எங்க வூட்டு விருந்தாளி. விருந்தாளிய யாரு கூட்டிக்கினு போறது?” என்றாள்.

ஆதிமூலம் பரசுராமனிடம், “சாப்ட்டுட்டுப் போடா. எம் பொண்ணு நல்லா சமைப்பா” என்றார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பரசுராமன் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

மணியம்மாள் தூக்கத்திலேயே போனாள். ஆதிமூலம் அதற்கடுத்த வருஷம், ஒரு மழை மாதத்தில் போனார். சொல்லியனுப்பாமலேயே பரசுராமன் இரண்டு முறையும் வந்தான், பங்காளிகளும் வந்தார்கள். கொள்ளியை அவன்தான் போட்டான். பாஞ்சாலையே போட்டதாகத் தெருவில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அது உண்மையில்லை. அவளுக்கு அதில் அக்கறை இருந்ததாகவே தெரியவில்லை. ஆதிமூலம் போன அன்று, சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பங்காளி வீட்டுப் பெண்கள் சொன்னபோது, படுத்த படுக்கையாக இருந்த ஆராயிக்குக் கஞ்சி வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாசலைக் கழுவி, அடுப்பை மூட்டினாள். ஆராயி அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தாள்.

அப்பாவையும் அம்மாவையும் மாமியாரையும் பாஞ்சாலை ஒரே வீட்டில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் சாகும்வரை சோறு போட்டாள்.